டப்பாவின் கண்ணாடிப் பகை

தில்லி மாநகரத்தில் கண்ணாடியோடு ஜென்மப் பகை வளர்த்த ஒரே ஜீவன் எங்கள் டப்பாதான். ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

எங்கே பிளாஸ்டிக் டப்பா காலியானாலும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கே வந்து என் அம்மாவிடம், "ஆன்ட்டி, அந்த ஊறுகாய் டப்பா காலியாயிடுத்தா?" என்று கேட்டான். ஆகவில்லை என்றதும் உட்கார்ந்து அவனே தின்று காலி செய்தான். டீக்கடையில் கண்ணாடி டம்ளரைத் தொடமாட்டான். கடைக்காரர் மண் குவளையை நீட்டினால், "பையா, மிட்டி மே பி சிலிகேட் ஹை" என்று, கண்ணாடியில் இருக்கும் சிலிகேட் மண்ணிலும் உண்டென்று சொல்லி, தன் பிளாஸ்டிக் மூடியை நீட்டுவான்.

எலும்பில் விழுந்த ஓட்டையை அடைக்கும் கால்சியம் பாஸ்பேட் பொடி செய்வது எங்கள் வேலை. அது காரக் கரைசலில் முதலில் உருவமில்லாத கூழாகப் படியும். சில மணி நேரத்தில் படிகமாகும். சிலிகேட் சேர்த்தால் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பதே என் ஆய்வு. என் பொடிகளோ, சேர்த்ததும் சேர்க்காததும் ஒரே மாதிரி படிகமாகாமல் சோம்பிக் கிடந்தன. ஆறு மாத உழைப்பு. ஆய்வுக்குழு முன் நிற்கப் பத்து நாள்தான் பாக்கி. தவறினால் என் பதிவு ரத்து.

"காரக் கரைசல எதுல வச்சிருக்கே?" என்றான் டப்பா.

"கண்ணாடி பாட்டில்லதான். பாக்க லட்சணமா இருக்கேன்னு."

"போச்சு. காரம் கண்ணாடியக் கரைச்சிருக்கும். நீ சேக்காத சிலிகேட்ட பாட்டிலே சேத்திருக்கு."

நான் அழுதேவிட்டேன்.

"அச்சா, அழாத. என் கரைசல எடுத்துக்கோ. ஜல்தி பண்ணு."

படிகமாகிவிட்டதா என்று காட்டும் எக்ஸ்ரே இயந்திரத்தில் முறை கிடைப்பது, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் கிடைப்பது மாதிரி. அவன் தன் முறையையும் என் பெயருக்கு மாற்றிவிட்டான். சிலிகேட் சேர்க்காத பொடி இந்த முறை ஒழுங்காகப் படிகமாகியிருந்தது. நான் பிழைத்தேன்.

அடுத்த வாரம் பேராசிரியர் அவனிடம் ரிசல்ட் கேட்டார்.

"சாம்பிள் கெட்டுப்போச்சு சார்."

உண்மையைச் சொன்னால் என் பாட்டில் லட்சணம் சந்தி சிரித்திருக்கும். "இத்தனை டப்பா வச்சுமா கெடுத்தே?" என்று எல்லோர் முன்னும் காய்ச்சி எடுத்தார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மறுபடி இயந்திரத்தில் முறை கிடைத்து ரிசல்ட் வருவதற்குள் அவன் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சார், இந்தப் பத்திரிகை உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து படியுங்கள். அவன் சாம்பிள் கெடவில்லை. தன் முறையை எனக்குக் கொடுத்துவிட்டான்.