கராஜ் வாசல் மிதிக்காத கார்

காருக்குக் கீழே சிவப்பாக ஒரு எண்ணெய்த் திட்டு கிடந்தது. பாலசிங்கம் மூன்று முறை குனிந்து பார்த்தார். முதல் முறை உள்ளங்கை அளவில் இருந்தது, மூன்றாம் முறை சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வந்திருந்தது.

"என்னப்பா அது, சிவப்பா?" குசினி யன்னலிலிருந்து மனைவி தங்கேஸ்வரி கேட்டாள்.

"வெத்திலை துப்பினது."

"ஆர்?"

"நான்தான்."

"நீங்கள் வெத்திலை போடுறேல்லையே."

"நேற்றிலயிருந்து போடுறன்."

ஐந்து நிமிடத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் ஒரு தட்டில் வந்தன. அறுபத்தெட்டு வயது வரை வாயில் வைக்காததை, அவள் பார்த்துக்கொண்டு நிற்க, பாலசிங்கம் மென்றார். காது சுட்டது. கண்ணில் நீர் முட்டியது.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு நிலாவெளியில் மகள் நிவேதிகாவின் தாலிக்குப் பொன்னுருக்கு. சடங்கு மாப்பிள்ளை வீட்டில். பெண்ணின் தாயும் தகப்பனும் போய் முன்னால் நிற்கவேண்டும். அதுவும் இந்தக் காரில் போய் இறங்கவேண்டும். ஏனென்றால் சம்பந்தி குலவீரசிங்கத்திடம் பாலசிங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார்:

"முப்பத்திரண்டு வருஷம், சம்பந்தி. இந்தக் கார் ஒரு நாளும் கராஜ் வாசல் மிதிச்சதில்லை. எங்கட குடும்பமும் அப்பிடித்தான். ஒட்டும் இல்லை, ஒளிப்பும் இல்லை."

சம்பந்தி அதை நிலாவெளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது கார் சந்தி சிரிக்க நின்றால், குடும்பத்தைப் பற்றிச் சொன்ன மற்றதை எவன் நம்புவான்? பிள்ளையின் கலியாணம் அந்த எண்ணெய்த் திட்டில் வழுக்கிக்கொண்டு நின்றது.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த முப்பது வருடமும் அவர் அலுவலக பஸ்ஸில்தான் போய்வந்தார். கார் நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும். ஒரு நாளும் அது வழியில் நின்றதில்லை. அதைத் தன்னுடைய கைராசி என்றே நினைத்திருந்தார்.

பின்கொட்டிலில் ஒரு போத்தல் பிரேக் ஒயில் கிடந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று ஸ்டியரிங் ஒயில் தாங்கிக்குள் முழுவதையும் ஊற்றினார்.

புதன்கிழமை காலை ஸ்டியரிங்கைத் திருப்பியபோது கார், கன்று போட நிற்கும் மாடு மாதிரி முனகியது. வாசலால் வெளியே எடுப்பதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. கீழே சிவப்புத் திட்டு தாம்பாளம் அளவுக்குப் பரவியிருந்தது.

திருகோணமலை உள்துறைமுக வீதியில் இருக்கிற எல்லாக் கராஜ்காரருக்கும் அவரைத் தெரியும். பாலையூற்றிலும் தெரியும். தெரியாத இடம் கிண்ணியாதான்.

"கந்தளாய்க்குப் போய் உம்மட மாமாவுக்குக் கலியாணக் காட் குடுத்திட்டு வாறன்" என்றார் மனைவியிடம்.

"போங்கோ. வரேக்க ரெண்டு முட்டி தயிர் வாங்கிக்கொண்டு வாங்கோ."

கிண்ணியாவில் ஊரைத் தாண்டி ஒரு மாமரத்துக்குக் கீழே கராஜ். மெக்கானிக் கலீலுர் றஹ்மான் காரைப் பார்த்தார். பிறகுதான் பாலசிங்கத்தைப் பார்த்தார். பொனட்டின் இடது மூலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் தூக்கினார். உடனே திறந்தது. அது பாலசிங்கத்துக்கு நாலு தரம் இழுத்தால்தான் திறக்கும்.

"உமக்கு எப்பிடித் தெரியும், அதில தட்ட வேணுமெண்டு?"

"பழைய கார் எல்லாம் இப்பிடித்தான் ஐயா." றஹ்மான் ஒயில் தாங்கிக்குள் விரலை நனைத்து மணந்து பார்த்தார். "யா அல்லாஹ்! ஆர் ஐயா இதுக்குள்ள பிரேக் ஒயில் ஊத்தினது?"

"ஆரோ தெரியாத ஆள்."

"அந்தத் தெரியாத ஆள் உள்ளுக்குள்ள ரப்பர் எல்லாத்தையும் தின்னக் குடுத்திட்டார். றாக் கழட்டி மாத்த வேணும்."

பின்னேரம் றாக் கழன்று வந்தது. ஸ்டியரிங்கின் திருப்பலை முன்சில்லு இரண்டுக்கும் கொண்டுபோகிற நீட்டு இரும்பு. இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக ரப்பர். பாலசிங்கத்துக்கு அதை எங்கேயோ கண்ட நினைவு. வீட்டில் கிணற்றடி மல்லிகைப் பந்தலுக்குத் தங்கேஸ்வரி முட்டுக்கொடுத்திருக்கும் இரண்டு இரும்பும் ஏறக்குறைய இந்த நீளம்தான். இரும்பென்றால் எல்லாம் ஒரு சாயல்தானே என்று விட்டுவிட்டார்.

"மாத்திறதுக்கு ஒண்டு கந்தளாயில பழைய சாமான் யாட்டில கிடக்கு. நாளைக்குக் காலமை போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார் றஹ்மான்.

பொய்யாகப் போன கந்தளாய்க்குக் காருக்காக ஒருவர் மெய்யாகவே போகவேண்டி வந்துவிட்டது.

"ஒரு கதை தம்பி. இது என்ட வீட்டில இருக்கிறவவுக்குத் தெரியக்கூடாது."

றஹ்மான் கையிலிருந்த ஸ்பானரை வெகுநேரம் துடைத்தார். "என்ட வாயால வராது ஐயா."

பாலசிங்கம் இரண்டு கையிலும் தயிர் முட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கார் எங்க?"

"கந்தளாயில மாமாட்டக் குடுத்திட்டு வந்தனான். அவருக்கு அவசரமாம்."

"மாமாவுக்குக் கார் ஓடத் தெரியாதே."

"அதுதான் பழகுறார்."

"எண்பத்தொரு வயசில?"

"பழகுறதுக்கு வயசு இருக்கே?"

தங்கேஸ்வரி தயிரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "கந்தளாய்த் தயிரோ? எங்கட கிண்ணியாத் தயிர்க்காரர் கொண்டுவாற தயிர் மாதிரியே கிடக்கு."

பாலசிங்கம் அவசரமாக வெற்றிலைத் தட்டைக் கிட்ட இழுத்தார்.

வியாழன் பின்னேரம், மாமாவிடமிருந்து காரை எடுத்துவரப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனபோது மாற்று றாக் பூட்டியாகிவிட்டது. ஒழுக்கு இல்லை, முனகல் இல்லை. ஆனால் கார் நேராக நிற்க, ஸ்டியரிங் சரிந்து நின்றது.

"றாக் நடுவுக்கு வரேல்ல ஐயா. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ, நேராக்கித் தாறன்."

"நாளைக்குக் காலமை பத்து இருபதுக்குப் பொன்னுருக்கு!"

"அப்ப வலப்பக்கம் கால்வாசி சரிச்சுப் பிடியுங்கோ. கார் நேராப் போகும்." றஹ்மான் பத்திரிகையில் சுற்றிய பழைய றாக்கை டிக்கியில் வைத்தார். "மாத்தின சாமானைச் சொந்தக்காரரிட்டக் குடுக்கிறது எங்கட வாப்பா காலத்து வழக்கம். ஏமாத்தேல்ல எண்டதுக்கு அத்தாட்சி."

அந்த அத்தாட்சியோடு வீட்டுக்குப் போக முடியாது. கிண்ணியாப் பாலத்தில் காரை நிறுத்தி, பொதியைத் தூக்கிக் கைபிடிச் சுவரில் வைத்தார். பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. திரும்பினால் பொலிஸ்காரர்.

"என்ன ஐயா அது, நீட்டா?"

திருகோணமலைக் கடலுக்குள் பொதியாகச் சுற்றிய இரும்பை எறிகிறவனை ஆயுதம் எறிகிறான் என்று பிடித்தால் என்ன நடக்கும் என்று பாலசிங்கத்துக்குத் தெரியும். துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்தவர் அல்லவா.

"தூண்டில்."

"தூண்டிலை ஆரும் முழுசா எறியிறேல்ல ஐயா."

"ஓம். அதைத்தான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்று பொதியைத் திரும்ப டிக்கிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை. தங்கேஸ்வரி பட்டுச் சேலையும் தாம்பாளமுமாகப் பக்கத்தில் இருந்தாள். தாம்பாளத்தை டிக்கியில் வைக்க அவர் விடவில்லை.

"நேராத்தானே போறம்?" என்று உப்புவெளி தாண்டும்போது கேட்டாள்.

"நேராத்தான்."

"அப்ப ஏன் உங்கட கை சரிஞ்சு கிடக்கு?"

"வயசு."

பத்து இருபதுக்குப் பொன் உருகியது. ஆசாரி எடுத்துக் காட்டிய பொன் வட்டமாக, பிசிறில்லாமல் வந்திருந்தது. நல்ல சகுனம் என்றார்கள். பாலசிங்கம் மூன்று நாளைக்குப் பிறகு முழு மூச்சு விட்டார்.

சம்பந்தி வெற்றிலைத் தட்டை நீட்டினார். பாலசிங்கம் வேண்டாம் என்று தலையாட்ட முன்னர் தங்கேஸ்வரி முந்தினாள். "குடுங்கோ, இப்ப அவருக்கு வெத்திலை இல்லாமல் ஏலாது."

பிறகு சம்பந்தி சொந்தக்காரரை எல்லாம் வாசலுக்குக் கூட்டிவந்து பொனட்டில் தட்டினார். "பாருங்கோ. முப்பத்திரண்டு வருஷம். கராஜ் வாசல் மிதிக்கேல்ல! சம்பந்தி, டிக்கியத் திறவுங்கோ, மாம்பழம் ஒரு பெட்டி வைக்கவேணும்."

பாலசிங்கத்தின் வாயில் வெற்றிலை உறைந்தது. "டிக்கி... திறக்கிறேல்ல."

"ஏன், பழுதோ?" கூட்டம் கிட்ட வந்தது.

"என்ன கதை கதைக்கிறியள்!" பாலசிங்கம் முதுகை நிமிர்த்தினார். "மங்கல காரியத்துக்கு வந்த இடத்தில டிக்கி திறக்கிறது எங்கட குடும்பத்தில வழக்கமில்லை. பாட்டன் காலத்திலயிருந்து."

பாட்டனிடம் மாட்டுவண்டிகூட இருந்ததில்லை. ஆனால் சம்பந்தி உருகிப்போனார். "கேட்டியளோ? இப்பிடி வழக்கம் பாக்கிற குடும்பம் இப்ப எங்க கிடக்கு!" மாம்பழப் பெட்டி மரியாதையாகப் பின்சீட்டில் ஏறியது. பாலசிங்கம் இன்னொரு சுருள் வெற்றிலையை வாங்கி, இந்தத் தரம் மகிழ்ச்சியோடு வாய் நிறையத் திணித்தார். மானம் தப்பியது. பிள்ளையின் கலியாணமும் தப்பியது.

தங்கேஸ்வரி உள்ளே பெண்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் இருந்த அவளுடைய கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. பாலசிங்கம் எடுத்துப் பார்த்தார். 'கிண்ணியாத் தயிர்க்காரர்' என்றிருந்தது. அவர் வேலைக்குப் போன காலத்தில் கிழமை நாட்களில் வந்துபோன அந்தத் தயிர்க்காரரை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. கலியாணத்துக்குத் தயிர் சொல்லியிருப்பாள் என்று காதில் வைத்தார். வாய் நிறைய வெற்றிலை.

"ம்ம்" என்றார்.

கேட்ட குரல்தான் அது. நேற்றுப் பின்னேரமும் மாமரத்துக்குக் கீழே கேட்ட குரல்.

"அம்மா, நீங்கள் சொல்லித்தந்தபடி ஐயாவை முன்னப்பின்ன தெரியாத ஆள் மாதிரியே நிண்டனான், மூண்டாவது றாக் டிக்கியில கிடக்கு, ஐயா கடலுக்குள்ள எறியமுதல் எடுத்து, மற்ற ரெண்டோடயும் சேத்து மல்லிகைப் பந்தலுக்கு முட்டுக் குடுத்திடுங்கோ."