லைட்டா ஒரு மாவுக்கட்டு

அன்பு மகள் குருவிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். எழுத்து கோணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நம் சலூன் கடைச் சீப்பை வைத்துக் கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். அப்படியும் 'ழ' வந்தால் கை வழுக்கி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. 'குருவி' என்று எழுதிவிட்டு, நானா எழுதினேன் என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் எனக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரான உன் அம்மா எட்டிப் பார்த்து, "லைட்டா கோணல், பரவாயில்ல" என்றாள். எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அதிலேயே புரிந்திருக்கும்.

இங்கிலீஷில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். எரிகிற விளக்கும் லைட், வெளுத்த சட்டையும் லைட், கனமில்லாத பெட்டியும் லைட். ஆனால் முடிவெட்டுகிறவனுக்கு அது வேறு பாடம். நாற்காலியில் உட்காருகிறவர் "லைட்டா வெட்டுங்க" என்பார். அப்படியே வெட்டினால் "வெட்டின மாதிரியே தெரியலையே" என்பார். பேங்க் மேனேஜர் "முன்னாடி லைட்டா கொட்டுது" என்றார். அவருக்கு இப்போது பின்னாடி மட்டும்தான் வெட்டுகிறேன். எதிர்க்கடை தையல்காரர் "அண்ணன்கூட லைட்டா மனஸ்தாபம்" என்றார். இரண்டு பேரும் ஒன்றாக வந்துவிட்டால் நாற்காலிகளை ஆளுக்கொரு சுவர் பார்க்கத் திருப்பிவைக்கிறேன்.

இப்படியிருக்க, நீ போனில் "படியில லைட்டா வழுக்கிட்டேன்ப்பா" என்றாய். அந்த 'லைட்டா'வை நான் நம்பவில்லை. போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னால் அவர், "ஒண்ணுமில்ல மாமா, கால்ல லைட்டா மாவுக்கட்டு போட்டிருக்காங்க" என்கிறார். மாவுக்கட்டுல லைட்டு ஏதும்மா? எலும்பு முறிஞ்சா போடுவாங்க, முறியலைன்னா அனுப்பிடுவாங்க. சமையல் யாருன்னு கேட்டேன். "நானே லைட்டா சமைக்கிறேன்"ங்கிறார். பக்கத்துல நின்னு கேட்ட உங்கம்மா அடுப்பை மறந்துட்டா. அப்புறம் "லைட்டா அடிப்பிடிச்சிருக்கு"ன்னு கரியைப் பரிமாறினா. நானும் மோரை ஊத்திச் சாப்பிட்டு முடிச்சேன்.

உடனே கிளம்பி வர்றேன்னு சொன்னா, நீ என்னை அதட்டுற. "கண் ஆபரேஷன் பண்ணிட்டு பஸ்ல அலையாதீங்கப்பா, மீறி வந்தீங்கன்னா பேசமாட்டேன்"ங்கிற. அது லைட்டான ஆபரேஷன்தாம்மா. இருந்தாலும் நீ பேசாமல் போனால் என்னால் தாங்க முடியாது. ஆகையால் வரவில்லை. நீ சொன்னால் சொன்னதுதான். காலைத் தலையணைமேல் உயர்த்தி வை. மாப்பிள்ளையின் சமையலைக் குறை சொல்லாதே, இருக்கிற ஒரு சமையல்காரரும் போய்விடுவார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் நேரான எழுத்தில் எழுதுகிறேன்.

நீ பழையபடி ஓடியாடி என்னோடு சண்டைக்கு வர வேண்டும் என்ற ஆசீர்வாதத்துடன்,
அப்பா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கதவில் தாளை வைத்து இந்த வரிகளை எழுதுகிறேன். அதனால்தான் இன்னும் கோணல். பெல் அடித்தால் நீ நொண்டிக்கொண்டே ஓடி வருவாய், அதனால் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மாப்பிள்ளை கண்ணில் படட்டும். பேசமாட்டேன் என்றாயே, பேச வேண்டாம், நான் சமைத்துப் போடுகிறேன், சாப்பிட்டால் போதும். துணிமணி லைட்டாத்தான் எடுத்து வந்திருக்கோம், உள்ளே தூக்கிவைக்க மாப்பிள்ளையோடு இன்னொரு ஆள் வேண்டும். மாடி ஏறினதில் உங்கம்மாவுக்கு லைட்டா மூச்சு வாங்குதாம். சீக்கிரம் கதவைத் திறக்கச் சொல்லு.