எதற்கும் இன்னொரு தடவை

‘எதற்கும் இருக்கட்டும்’ என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்து, போகிற போக்கில் எதிர்வீட்டுக்காரரையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்பவர், சிதம்பரம் பஸ்ஸில் பலகையைப் படித்து ஏறி, நடத்துநரைக் கேட்டு, சீட்டும் வாங்கிய பிறகு, பக்கத்தில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி, “சிதம்பரம்தானே போவுது?” என்பவர். தூங்குகிறவர் மட்டும் தனியாக வேறு ஊருக்கா போகிறார்?

இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. கையில் கணினி கிடைக்கிற வரை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தேவநாதன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர். 2011-இல் அவர் மகள் அருள்மொழிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. லீவு ஆவணியோடு சரி. அந்த ஒரு முகூர்த்தம் தவறினால் அடுத்த வருஷம்தான் என்று சம்பந்தி குமராட்சி சுப்புராயன் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நாளில் சிதம்பரத்தில் காலியாக இருந்ததோ ஒரே மண்டபம். அதையும் இணையத்தில்தான் பதிய வேண்டும்.

பதிந்தார். ‘உங்கள் பதிவு உறுதி’ என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. மூச்சு விடுவதற்குள் அதே செய்தி இன்னொன்று, வேறு எண்ணோடு வந்தது.

எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்கிற மனிதருக்கு, இன்னொருவர் இரண்டு தடவை சொன்னால் மட்டும் சந்தேகம் வந்துவிடும். மண்டபத்துக்கு இணையதளம் செய்துகொடுத்த எழிலனைப் போனில் பிடித்தார்.

“ரெண்டுல எது தம்பி நெசம்?”

“ரெண்டுமே உங்க பேருதான் சார். எதுனா ஒண்ணு போதும்.”

“எதுனா ஒண்ணுன்னா, எது?”

போனை வைத்தார். உடனே மறுபடி கூப்பிட்டார். “இப்பப் பேசுனது நீதானே தம்பி?”

எழிலன் சிதம்பரத்தில் உட்கார்ந்து, பொய்ப் பெயர்களில் அந்த மண்டபத்தில் ஊரில் இல்லாத கல்யாணங்களையெல்லாம் பதிந்து பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக ஒரே செய்தி. சர்வரை அணைத்து ஏற்றினான். செய்தி அனுப்பும் கம்பெனியோடு சண்டை போட்டான். அவர்கள் இவன்மீது பழியைப் போட, கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினான்.

“அன்னைக்கு எப்படிப் பண்ணீங்களோ, அப்படியே இந்தச் சோதனைப் பக்கத்துல பண்ணுங்க சார்,” என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

தேவநாதன் பொத்தானை அழுத்தினார். பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. “எதுக்கும் இன்னொரு தபா” என்று முணுமுணுத்து, மறுபடி அழுத்தினார்.

எழிலனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காபி கொண்டுவந்த அவர் மனைவி பட்டம்மாள் சொன்னாள்: “இதுக்கா தம்பி அவ்ளோ தூரம் வந்தே? மூணு முடிச்சு போதும்னு பந்தலே கத்த, எதுக்கும் இருக்கட்டும்னு நாலாவது போட்டவரு. என்னைக் கேட்டிருந்தா போன்லயே சொல்லியிருப்பேன்.”

இனி இரண்டாம் அழுத்தம் ஏறாதபடி ஊருக்குப் போய்ச் செய்துவிடலாம். இப்போதைக்குக் கூடுதலான பதிவை நீக்கினால் போதும். எழிலன் நிஜப் பக்கத்தைத் திறந்து, ‘ரத்து’ என்ற பொத்தானுக்குக் கை நீட்டினான்.

“எம் பொண்ணு கல்யாணம், நானே அமுக்குறேன்.”

“ஒரே ஒரு தடவை சார்.”

அழுத்தினார். பக்கம் சுற்றியது. எழிலன் அவர் கையைப் பிடிப்பதற்குள் விரல் இன்னொரு தடவை இறங்கிவிட்டது. செல்போன் கத்தியது. ‘பதிவு ரத்து.’ மறுபடி கத்தியது. ‘பதிவு ரத்து.’ முதலாவது போனதும் இரண்டாவது அந்த இடத்துக்கு ஏறி வந்து, அதுவும் போயிருந்தது.

“மறுபடி பதிஞ்சிடு தம்பி!”

“முடியாது சார். காத்திருக்கிற அடுத்த ஆளுக்குத் தானாப் போயிருக்கும்.”

அருள்மொழி உள்ளிருந்து வந்தாள். “அப்பா, கைய மடியில வச்சிக்கினு உக்காரு” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எழிலன் காத்திருப்போர் பட்டியலைத் திறந்து படித்தான். “யாரோ சுப்புராயனாம். குமராட்சி.”

தேவநாதன் சம்பந்தியைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

“கோச்சிக்காதீங்க சம்பந்தி. நீங்க பதிஞ்சிருப்பீங்கன்னு தெரியும். எதுக்கும் இருக்கட்டுமேன்னு நானும் ஒண்ணு போட்டு வச்சேன். இப்பத்தான் உறுதின்னு வந்துச்சு. ஆனா பாருங்க, ரெண்டா வந்துருக்கு. ஒண்ண ரத்து பண்ணிடவா?”

“தொடாதீங்க!” என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எழிலன் காபியை அப்படியே வைத்துவிட்டுக் குமராட்சிக்கு ஓடினான்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. முடிச்சு எத்தனை என்று கேட்காதீர்கள். மாப்பிள்ளை சுப்புராயனின் பிள்ளை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன் காஸை மூடினோமா என்று போய்ப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? இன்னொரு தடவை பார்த்தால் என்ன என்று இப்போது தோன்றுகிறதா, இல்லையா?

ஏற்பாடுகளையெல்லாம் உறுதிசெய்து சுப்புராயன் எழுதிய கடைசிக் கடிதம் தேவநாதனுக்கு வந்து சேர்ந்தது 2011 ஆகஸ்ட் 24. அதே கடிதம் மறுபடி, ஆகஸ்ட் 25.