வர வேண்டியதில்லை என்று நான் எழுதிய கடிதம்

என் செல்வங்களே, நான் வீட்டில் "இன்னைக்கு யாரும் என்கூடக் கடைக்கு வர வேண்டாம்" என்று சொன்ன மறுநிமிடம் நீங்கள் ஐந்து பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நிற்பதும், உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடுவதும் எனக்குப் பழகிப்போய்விட்டது. அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். மீதியை வாயால் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் எழுதி வைக்கிறேன். (எழுதப் போய்த்தான் அன்றைக்கு வினையே வந்தது. இருந்தாலும் புத்தி வரவில்லை பாருங்கள்.)

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நான் நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். தூத்துக்குடிக் கடற்கரையில், சங்கு குளிக்கிறவர்களின் பெயரைப் பதிகிற ஓர் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. அந்தத் 'தற்காலிக' என்ற சொல்தான் என் கழுத்தில் தொங்கிய கல். ஏரலில் உங்கள் அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது உங்கள் தாத்தா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வேலை நிரந்தரமாகட்டும் மாப்பிள, அப்புறம் தேதி குறிப்போம். தை வரைக்கும் பாப்பேன்." அப்போது ஆவணி. என் நிரந்தரக் காகிதம் சூப்பிரண்டு ஐயாவின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது.

ஒவ்வொரு வருஷமும் சங்குக் குளிப்புத் தொடங்குவதற்கு முன் பெரியதாழைக்கு ஆபீசிலிருந்து காகிதம் போகும். காகிதம் கண்டதும் அவ்வூர் ஆட்கள் வள்ளம் ஏறி வந்து, டாக்டரிடம் காதையும் நெஞ்சையும் காட்டிவிட்டுக் கடலில் இறங்க அனுமதியான தகர வில்லை வாங்கிப்போவார்கள். அந்த வருஷம் டாக்டரைப் பட்டாளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பழைய வில்லையே போதும், இந்த வருசம் நீங்க வர வேண்டியதில்லன்னு பெரியதாழைக்கு ஒரு கார்டு போட்டுரும். தமிழ்ல ரெண்டு வரி."

தமிழில் ரெண்டு வரி! கையெழுத்துப் போடப்போகிற மனிதருக்கு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட வேறு சந்தர்ப்பம் வாய்க்குமா? இங்கிலீஷில் எழுதுவதென்று முடிவு செய்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் வியர்த்தது. 'வா' என்று இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியும். 'வராதே' என்றும் தெரியும். 'வர வேண்டிய கட்டாயமில்லை, வந்தாலும் குற்றமில்லை' என்பதை எப்படி எழுதுவது? ஒரு சொல்லைப் போட்டால் தடையுத்தரவு மாதிரி இருந்தது. இன்னொன்றைப் போட்டால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் படியிறக்கி விடுவது மாதிரி இருந்தது. ஒன்பது தாள் கிழித்தேன். ஆபீஸ் அலமாரியில் கிடந்த, இங்கிலீஷில் கடிதம் எழுதக் கற்றுத்தரும் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன். கடைசியில் ஒன்று அமைந்தது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தாங்கள் நேரில் எழுந்தருள வேண்டிய அவசியம் எதுவும் இவ்வாண்டு எழவில்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்ளும் பெரும் பேறு அடியேனுக்குக் கிட்டியுள்ளது.' இந்த மாதிரி இரண்டு பக்கம். நீள உறையில் போட்டு, அரக்கை உருக்கி இரண்டு இடத்தில் முத்திரை குத்தி அனுப்பினேன்.

அனுப்பியதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒருவேளை அது தடையுத்தரவாகத்தான் தொனிக்கிறதோ? கோபித்துக்கொண்டு குளிப்புக்கே வராமல் போய்விட்டால்? சீசன் படுத்துவிட்டால்? அவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்றுதான், பிள்ளைகளே, எட்டு நாளும் பயந்து செத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். வெளுத்த வேட்டி, கழுத்தில் ஜெபமாலை, கோயில் திருநாளுக்கு நிற்கிற மாதிரி சத்தமில்லாமல் நின்றார்கள். முன்னால் நின்றவர் பெரியதாழைப் பட்டங்கட்டி, அந்த ஊருக்குத் தலைவர். பின்கதவு வழியாகப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். (பின்கதவு பூட்டியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.)

வெளியே போய், "என்ன அண்ணாச்சி, எல்லாரும் கெளம்பி வந்திருக்கிய?" என்றேன்.

"நல்லாக் கேட்டீரு போங்க! காயிதம் போட்டது நீருதான? விடியுமுன்ன நாலு வள்ளத்துல ஏறுனோம். சோழகக் காத்து தள்ளிக் கொண்டாந்து விட்டுட்டு."

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு..."

"நாங்க என்னத்தக் கண்டோம்?" என்று மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மெழுகுத் துணிக்குள் வாழைச்சருகு, சருகுக்குள் என் உறை. இரண்டு முத்திரையும் நான் குத்தியபடியே இருந்தன. "மேல இங்கிலீசுல எழுதியிருக்கு, ரெண்டு எடத்துல முத்திர வேற. படிச்சுச் சொல்லக் கோயில் சாமியாரும் ஊர்ல இல்ல. உடைச்சா கேசாயிருமோன்னு பயந்துட்டோம். யுத்தகாலம் பாருங்க, வள்ளத்தப் புடுங்கப் போறாவன்னு பொம்பளயளுல்லாம் ஒரே அழுக."

நான் தேடித்தேடிக் கோத்த இங்கிலீஷை ஒருத்தர்கூடப் படிக்கவில்லை!

சத்தம் கேட்டு சூப்பிரண்டு வெளியே வந்தார். உறையை வாங்கி, முத்திரையை உடைத்து, இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். நாற்பது பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

"பட்டங்கட்டி," என்றார் மெல்ல. "நீங்க இந்த வருசம் வர வேண்டியதில்லன்னு இதுல எழுதியிருக்கு."

பட்டங்கட்டி ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"இதச் சொல்லவா ஐயா எங்கள வரச் சொன்னிய?"

பின்னாலிருந்து யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், நாற்பது பேரும் சிரித்தார்கள். சூப்பிரண்டும் சிரித்தார். நானும் சிரித்துப் பார்த்தேன், எனக்கு வரவில்லை.

இதுவரை உங்களுக்குத் தெரியும். தெரியாததை இனிச் சொல்கிறேன்.

அவர்களுக்குச் சிரிப்பு அடங்கியதும் நஷ்டக் கணக்குப் புரிந்தது. ஒரு நாள் கடல் வேலையும் போயிற்று, திரும்பிப் போக எதிர்க்காற்று. காற்று தணியும்வரை நாற்பது பேரும் ஆபீஸ் வளவில்தான் கிடந்தார்கள். நான் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். மறுநாள் புறப்படும்போது பட்டங்கட்டி என் தோளில் கைவைத்து, "தம்பி, மனசுல வச்சுக்கிடாதீரும். ஆனா ஒண்ணு. அடுத்த வருசமும் நாங்க வர வேண்டாம்னா, தயவுபண்ணி ஒண்ணும் எழுதாதீரு. காயிதம் வந்தா வருவோம், வராட்டி வீட்ல கெடப்போம். சும்மா இருந்தீருன்னாலே எங்களுக்கு வெளங்கும்" என்றார்.

அவர்கள் போனதும் சூப்பிரண்டு கூப்பிட்டார். என் நிரந்தரக் காகிதம் அவர் கையில் இருந்தது.

"இங்கிலீசுல ஒரு குத்தமும் இல்ல வே. நானே இப்படி எழுத மாட்டேன். அதான் எனக்குப் பயமா இருக்கு." காகிதத்தை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "ரெண்டு வரி தமிழ்ல எழுதச் சொன்னா எழுதுதீரான்னு இன்னும் ஒரு ஆறு மாசம் பாப்போம்."

ஆறு மாசம் என்றால் தை தாண்டிவிடும்.

உங்கள் தாத்தாவிடம் மறைப்பது தப்பு என்று பட்டது. ஒரு கார்டு எடுத்தேன். இந்தத் தடவை தமிழில், இரண்டே வரி: 'வேலை நிரந்தரமாகவில்லை. தாங்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.' ஒரு தாளும் கிழிக்காமல் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருந்த தபால் பெட்டிவரை போனேன். கார்டைப் பாதிவரை உள்ளே நுழைத்தும்விட்டேன். அப்போது பட்டங்கட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. காத்திருக்க வேண்டியதில்லை என்பது தாத்தாவுக்குத் தெரியாதா? தை பிறந்தால் அவரே முடிவு செய்துகொள்வார். அதை நான் ஏன் எழுத வேண்டும்?

(தை போயிற்று, மாசி போயிற்று. தாத்தா ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் எழுதவில்லை. பங்குனியில் சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டார். வைகாசியில் கல்யாணம். எதற்காகக் காத்திருந்தார் என்று அவரிடம் நான் கடைசிவரை கேட்டதில்லை.)

கார்டைப் பெட்டியிலிருந்து மெதுவாக உருவினேன். சுற்றுமுற்றும் யாருமில்லை. மணலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, வருகிற அலையில் அதை முக்கிப் பிடித்தேன். முதலில் 'வேண்டியதில்லை' கரைந்தது, அப்புறம் 'காத்திருக்க'. விரலெல்லாம் மை ஆயிற்று. எழுத்தில்லாத கார்டை உதறி, ஈரத்தோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கரையேறினேன்.