வளையாத நிப்பு

பிரமிடு கட்டிய காலம் முதல் மனித குலம் பட்ட பாடெல்லாம் ஒரு பேனாவுக்காகத்தான். இதைக் காரைக்காலில் முதன்முதலில் உணர்ந்தவர் எங்கள் பொறியாளர் ராஜ்மோகன் சார். அவருக்கு உதவியாளராக இருக்கும் பாக்கியம் எனக்கு.

ரோமாபுரி மண்டபம் ஒன்றைப் பார்த்துச் செய்த பேனா அது. உடம்பெங்கும் வெள்ளித் தூண்கள், தங்க நிப்பு. 'லிமிடெட் எடிஷன்'. எங்கள் அலுவலகத்தில் மின்விசிறியும் வேலையும்கூட லிமிடெட்தான். ஆனால் அவற்றுக்கு வெல்வெட் பெட்டி கிடையாது.

பேனா வந்த அன்று ஊழியர் கூட்டம் கூட்டப்பட்டது. வரிசையில் நின்று 'பார்வையிட்டோம்'.

"கட்டடக்கலைன்னா இதுய்யா," என்றார் சார். "தூணைப் பாரு. ஒரு பிசிறு இருக்கா?"

"நல்லா எழுதுமா சார்?" என்று கேட்டுவிட்டார் டைப்பிஸ்ட் சிவப்ரியா.

"இதை வச்சு எழுதுறதா!" சார் நடுங்கிவிட்டார்.

அந்தப் புனித வேளையில்தான் திருவேட்டக்குடியில் மீன் விற்கும் கனகம், நாலைந்து பெண்களோடு உள்ளே வந்தார். போன வருடம் எங்கள் அலுவலகம் கட்டிக்கொடுத்த மீன் ஏலக்கூடம் ஒழுகுகிறதாம்.

"தூணெல்லாம் உதிருதுங்க சார். கீழ உக்காரவே பயமா இருக்கு. ஒரு நடை வந்து பாருங்க."

சார் யோசித்தார். பேனாவின் முதல் எழுத்து வரலாற்றில் நிற்க வேண்டுமல்லவா?

"வர்றேம்மா. 'கூடம் உறுதியாக உள்ளது'ன்னு இந்தப் பேனாவாலயே எழுதித் தர்றேன்."

மறுநாள் தூறலில் போனோம். பேனாவுக்கு நான் குடை பிடித்தேன், சார் நனைந்தார். கூடத்துக்குள் நின்று, பேனாவைத் திறந்து, 'உறு' வரை எழுதினார். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது. துள்ளினார். மீன் செதில் வழுக்கிவிட்டது. தூணைப் பிடிக்கப் போன கை, பேனாவைத் தூணுக்குள் கழுத்தளவு இறக்கிவிட்டது.

"ஐயோ, நிப்பு!" என்று அலறினார் சார்.

கனகம் பேனாவை உருவிக் கொடுத்தார். ஓட்டையிலிருந்து மணல் பொலபொலவெனக் கொட்டியது. சார் நிப்பைத் துடைத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வளையலய்யா! சிமெண்டுத் தூணையே தொளைச்சிருக்கு, வளையல!"

நான் கைதட்டினேன். மணல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நல்ல சாமானை யாருங்க சார் கொடுத்தது?" என்று கேட்டார் கனகம்.

அப்படிப்பட்ட வள்ளலின் பெயரை மறைப்பது நன்றிகெட்டதனம். "கான்ட்ராக்டர் அறிவுச்செல்வன்தாம்மா. இந்தக் கூடத்தைக் கட்டுனவர்," என்றேன் நான்.

சார் என்னைப் பார்த்த பார்வையில் பதவி உயர்வு எதுவும் தென்படவில்லை. கனகம் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். மற்ற பெண்களும் தூக்கினார்கள்.

அடுத்த நாள் காலை, ஏலம் எங்கள் அலுவலக வாசலில் நடந்தது. படிக்கட்டு முழுக்க வஞ்சிரமும் கானாங்கெளுத்தியும். சார் மூக்கைப் பொத்திக்கொண்டு, சட்டைப்பையில் பேனா மின்ன, வந்து நின்றார்.

"என்னம்மா அநியாயம் இது? உங்களுக்குன்னு கட்டடம் கட்டியிருக்குல்ல, அதுக்குள்ள போய் உக்காருங்க!"

கனகம் நிமிர்ந்து அவர் பையிலிருந்த பேனாவைக் காட்டினார்.

"ஒழுங்காக் கட்டுன கட்டடம் அது ஒண்ணுதாங்க சார். அதையும் நீங்க பையில வச்சிருக்கீங்க. நாங்க எப்படி உள்ள போய் உக்கார்றது?"