என் வாய் அடித்த எட்டாவது கோல்

சமமாக முடிந்த ஆட்டத்தில் யாரும் தோற்பதில்லை என்று சொல்கிறவர்கள், புருஷன் கோல்கீப்பராக நிற்கும்போது கூடப் பிறந்த தம்பி அவருக்கு எதிரே பெனால்டி அடிப்பதைப் பார்க்காதவர்கள். நான் பார்த்திருக்கிறேன். நாலுக்கு நாலு. இரண்டு அணியும் தோற்கவில்லை. நான் மட்டும் இரண்டு தரப்பிலும் தோற்றேன். (ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை தோற்ற ரசிகை வடசென்னையில் இன்னொருத்தி இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து சங்கம் வைக்கலாம்.)

பிறந்தது திருவொத்தியூர் குப்பம். வாக்கப்பட்டது காசிமேடு. நடுவில் ஒரு பஸ் தூரம்தான். பந்து என்று வந்துவிட்டால் மட்டும் நடுவில் ஒரு சமுத்திரம். எங்கள் குப்பத்தில் பிள்ளைகள் நடை பழகுவதே பந்தைத் துரத்தித்தான். பெண் என்பதால் என்னை ஆட விடவில்லை, கத்த விட்டார்கள். தம்பி ஜீவா ஆடிய ஆட்டங்களில் எல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக் கத்தியே நான் வயசுக்கு வந்தேன். அலையை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. நான் கரையில் நின்று கூப்பிட்டால் போகிற படகும் திரும்பிவிடும் என்பார் அப்பா. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி: "அங்க போயி வாயக் கொஞ்சம் சின்னதா வச்சிக்கமே."

வைத்துக்கொண்டேன். சில மாதங்கள்.

என் வீட்டுக்காரர் பாஸ்கர், விசைப்படகில் வலை இழுப்பவர், காசிமேட்டு அணியின் கோல்கீப்பர். அவருடைய அம்மா தேசம்மா, எனக்கு அத்தை, ராயபுரத்தில் மீன் விற்பவர். ஆஃப்சைடா இல்லையா என்று நடுவருக்கே சந்தேகம் வந்தாலும் அத்தைக்கு வராது. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கோப்பைகள் இருக்கும். விளக்கேற்றிக் கும்பிடும்போது அத்தை எதைப் பார்த்துக் கும்பிடுகிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த வீட்டில் எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. பாஸ்கரின் இடது தோள். வலை இழுக்கும்போது ஒருமுறை பிசகியதாம். அதற்குப்பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். கண்ணில் தண்ணீர் வந்துவிடும் அவருக்கு. தெரிந்தால் படகு டிரைவர் கடலுக்குக் கூட்டிப்போக மாட்டார். அத்தைக்குத் தெரிந்தால் பந்தை ஒளித்துவைத்துவிடுவார். ஆகவே என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு தோளில் தைலம் தேய்த்துவிடுவேன். வீடு முழுக்கத் தைல வாசனை. அத்தை மூக்கைச் சுளிப்பார். "இன்னாமே, தெனைக்கும் தலவலியா? ஒடம்பு சரியில்லாத பொண்ணப் பாத்து என் புள்ள தலயில கட்டிட்டாங்களே!" என்று மீன் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தார். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். (நடிப்புக்கு ஒரு கோப்பை கொடுத்திருந்தால் அதுவும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.)

அப்படியே முதல் பொங்கல் வந்தது. ஜீவா சீர் கொண்டுவந்தான். கரும்பு, பானை, மஞ்சள் கொத்து, எனக்கு ஒரு மஞ்சள் புடவை. மஞ்சள் எங்கள் குப்பத்து அணியின் நிறம். (அம்மா அதைத் தெரியாமல் எடுத்ததாக இன்றும் சாதிக்கிறாள்.) அத்தை மறுநாளே போய் ஒரு நீலப் புடவை வாங்கிவந்து என் மடியில் போட்டார். நீலம், காசிமேட்டு அணி. காணும் பொங்கலன்று இரண்டு அணிகளுக்கும் இறுதி ஆட்டம். நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது சமயத்தில் கைகொடுத்தது. பெட்டியைக் கிளறிப் பச்சைப் புடவை உடுத்திக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் பாலம் போட்டுவிட்ட பெருமையோடு போய் உட்கார்ந்தேன். நடுவரும் அன்று பச்சைச் சட்டையில் வந்தார். "டேய், ரெண்டு ரெஃப்ரி வந்துகீறாங்கடா!" என்று எவனோ கத்தினான்.

அதற்கு முன், மதியம், தம்பிக்கு எங்கள் வீட்டில் விருந்து. மாமனும் மச்சானும் ஒரே பாயில், ஒரே சட்டிக் குழம்பு.

"சாப்புடு நைனா, இன்னா கொறிக்கிற. வளர்ற புள்ள," என்று அத்தை ஜீவாவின் இலையில் சோற்றைக் கவிழ்த்தார். மறுபடி கவிழ்த்தார். மீன் துண்டுகள் மலைபோல் ஏறின. மகன் பக்கம் திரும்பி, "உனுக்குப் போதும், எந்திரி," என்றார். தம்பிமேல் இவ்வளவு பாசமா என்று நானும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன். எழுந்திருக்க முடியாமல் ஜீவா தூணைப் பிடித்தபோதுதான் அது பாசமல்ல, பயிற்சியாளரின் வியூகம் என்று புரிந்தது.

மைதானம் என்றதும் புல்லை நினைக்காதீர்கள். ஒரு பக்கம் கூட்ஸ் ரயில் தண்டவாளம். மறுபக்கம், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். நடுவில் மண். கடல்காற்று உப்பைக் கொண்டுவரும். காற்று திரும்பினால் மணலி ஆலைகளின் வாடை. லாரிக்காரர்கள் கன்டெய்னர் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு யார் அடித்தாலும் ஒன்றுதான். கோல் விழுந்தால் கீழே இருக்கும் கிளீனர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அவ்வளவு சோற்றையும் சுமந்துகொண்டு ஜீவா முதல் கோலை அடித்தான். "அப்டித்தான்டா என் ராசா!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். புகுந்த வீட்டுப் பெண்கள் அத்தனைபேரும் திரும்பிப் பார்த்தார்கள். எறும்பு கடித்த மாதிரிப் புடவையை உதறிவிட்டு உட்கார்ந்தேன். காசிமேடு திருப்பி அடித்தபோது ஈடுகட்டுவதற்காக இரண்டு மடங்கு கத்தினேன். "நடிக்காதமே," என்றார் அத்தை.

சத்தியமாக நடிப்பில்லை. ஒவ்வொரு கோலுக்கும் எனக்குள் ஒரு வீட்டில் விளக்கெரிந்து இன்னொரு வீட்டில் அணைந்தது. பாஸ்கர் பறந்து பந்தைப் பிடிக்கும்போது அடிவயிறு குளிர்ந்தது. அதே பந்தை அடித்த தம்பி தலையில் கைவைக்கும்போது அதே வயிறு எரிந்தது. இரண்டுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. நான் பெற்ற பிள்ளைகள் இரண்டு ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதைப் பார்ப்பதுபோல் மாறி மாறிக் கத்தி, குரல் கட்டி, கொண்டை அவிழ்ந்து, பச்சைப் புடவை மண் நிறமாகிவிட்டது.

காசிமேடு நாலாவது கோலை அடித்தது. நாலுக்கு மூன்று. அத்தை எழுந்து நின்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார். கோப்பை வைக்க சாமி படத்தை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அவர் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம் நீலச்சட்டைக்காரன் ஒருவன் கையில் பந்து பட்டது. விசில். பெனால்டி.

பந்தை எடுத்து வைத்தவன் ஜீவா.

அவனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு பெனால்டியை வெளியே அடித்துவிட்டு, கவிழ்த்துவைத்த கட்டுமரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவன். நான்தான் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். பயந்தால் காதைச் சொறிவான். இப்போதும் சொறிந்தான். தூரத்தில் ஒரு கிரேன் நகரும் ஓசைகூடக் கேட்டது. அந்த அமைதியில் எனக்குத் தாலி மறந்தது, பச்சைப் புடவை மறந்தது, தலையில் வைத்த சத்தியம் மறந்தது. கட்டுமரத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் நினைவிருந்தன.

"டேய் ஜீவா, பயப்படாதடா! அவருக்கு லெஃப்ட் கை மேல போவாது! தண்டவாளத்துப் பக்கம் தூக்கி அடி!"

திருவொத்தியூர்வரை கேட்டிருக்கும்.

பாஸ்கர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தை தேடுகிற மாதிரி ஒரு பார்வை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிந்து நின்றார்.

ஜீவா ஓடிவந்தான். பாஸ்கர் தண்டவாளத்துப் பக்கம் பாய்ந்தார். என்னோடு இருந்த அத்தனை மாதங்களில் ஒருமுறைகூட மேலே போகாத அந்த இடது கை, முழுசாக, வானத்தைத் தொடுவதுபோல் நீண்டது. பந்து அங்கே போகவில்லை. மறுபக்கம், லாரிகள் நின்ற பக்கம், பால்குடி மறக்காத பிள்ளை உருட்டிவிட்ட மாதிரி நிதானமாக உருண்டு உள்ளே போனது.

ஹார்ன்கள் அலறின. நாலுக்கு நாலு. பாஸ்கர் எழுந்திருக்கவில்லை.

நான் மைதானத்துக்குள் ஓடினேன். பின்னால் நீலச்சட்டைகள் கத்தியது காதில் விழுந்தது: "பிளான்டா! அக்கா ஒரு பக்கம் சொல்லுவா, தம்பி இன்னொரு பக்கம் அடிப்பான்! இன்னா மூளடா அதுக்கு!" மஞ்சள் சட்டைகள் அதற்கு மேல்: "ஏமே, அடிக்கறவன் காதுல கத்துறியே, பந்து வெளிய போயிருந்தா நீயா தருவ கப்பு?" இருட்டத் தொடங்கியதால் கூடுதல் நேரம் இல்லை. இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே கோப்பையைக் கொடுத்துவிட்டு, பரிசளிக்க வந்திருந்த விருந்தினர் கிளம்பினார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் சீட்டில் பாஸ்கர், தோளைத் தாங்கியபடி ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஜீவா. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு அத்தை. நான் அழுதுகொண்டிருந்தேன். சீர் கொண்டுவந்த வண்டியிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"மேட்ச்சு இன்னாப்பா ஆச்சி?" என்றார் டிரைவர்.

"டிராண்ணா," என்றான் ஜீவா.

"டிராவுக்கா இந்த அழுவ?"

கொஞ்ச தூரம் போனதும் ஜீவா மெதுவாக, "மாமா, நான் மொதல்ல தண்டவாளத்துப் பக்கம்தான் அடிக்கறதா இருந்தேன். அக்கா கத்துச்சா... கை சரியில்லாத மனுசன்கிட்ட அந்தப் பக்கம் அடிக்கறது அசிங்கம்னு மாத்திட்டேன்," என்றான்.

பாஸ்கர் வலியோடு சிரித்தார். "நான் லாரிப் பக்கம்தான்டா பாயறதா இருந்தேன். இவ சொன்னத நீ கேப்பன்னு நெனச்சி இந்தாண்ட வந்தேன்."

அத்தை திரும்பினார். ஆஃப்சைடு கண்டுபிடிக்கும் அதே முகம். விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் கணக்குப் போட்டார். "அப்போ இவ வாயே தொறக்கலைன்னாலும்... அவன் அங்க அடிப்பான், நீ இங்க பாய்வ. அப்பவும் கோலுதானா?"

"ஆமாம்மா."

"இவ வாயால போனது கப்பு இல்ல, தோளுதானா?"

அத்தையின் கண் பாஸ்கரின் தோளில் நின்றது. பிறகு என்மேல் வந்தது. "அந்தத் தைலம் உனுக்கு இல்லியாமே?"

தலையசைத்தேன். "சத்தியம் வாங்கிட்டாரு அத்தே."

"ஊரு பூரா உன்னத் தலவலிக்காரின்னு சொல்லிகினு திரிஞ்சேனே! கேட்டுகினு சும்மா இருந்தியே!" அவர் குரல் உடைந்தது. உடைந்த குரலை அவரால் கத்தித்தான் ஒட்டவைக்க முடியும். "இத்தினி மாசம் மூடிகினு இருந்த வாயி, இன்னும் ஒரு நிமிசம் மூடிகினு இருக்கக் கூடாதா? கப்பு பூராவும் நம்ம வூட்டுக்கு வரலன்னாலும் என் புள்ள முழுசா வந்திருப்பான்லமே! டேய், நீ இன்னாத்துக்குடா என்கிட்ட மறச்ச? பந்த ஒளிச்சி வப்பேன்னா? வப்பேன்டா!" என்று சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினார். மகனை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கன்னத்தைத் துடைத்தார். உள்ளங்கையில் இன்னும் மைதானத்து மண் இருந்தது. கன்னம் முழுக்க மண்ணானது.

தோளை ஆஸ்பத்திரியில் சரியாகப் பொருத்தி, கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டி அனுப்பினார்கள். படகு டிரைவர் பழம் வாங்கிக்கொண்டு வந்து பாஸ்கரைத் திட்டிவிட்டு, கை சரியாகும்வரை இன்ஜின் பக்கம் வேலை கொடுத்தார். கோப்பை பாதி வருஷம் காசிமேட்டில், பாதி வருஷம் திருவொத்தியூரில். அடுத்த பொங்கல் சீரில் கரும்புக்கு நடுவே அதைச் செருகிக்கொண்டு வந்தான் ஜீவா.

இத்தனை வருஷம் கழித்தும் காசிமேட்டு டீக்கடைகளில் நான் பெரிய சதிகாரி. என்னிடமிருந்து உண்மையைக் கறக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. வீட்டிலோ நான் நம்பத்தகாத திசைகாட்டி. சந்து தெரியாமல் வண்டியை நிறுத்தினால், "அம்மாவ எந்தப் பக்கம்னு கேளுங்கப்பா, எதிர்ப்பக்கம் போயிடலாம்," என்பாள் மகள். எந்தக் கடையில் துணி எடுப்பது, எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, எதைக் கேட்டாலும் நான் ஒன்றைச் சொல்வேன், எல்லோரும் சிரித்துக்கொண்டே மற்றதைப் பார்ப்பார்கள்.

இப்போது அத்தை மீன் விற்கப் போவதில்லை. கண்ணில் புரை எடுத்த பிறகும் பந்து சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் சாயங்காலம் டிவியில் ஆட்டம் இருந்தால் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். பெனால்டி என்று சத்தம் கேட்டதும் அவர் கை தடவிக்கொண்டே வந்து என் வாயை இறுக்கப் பொத்திவிடும். எந்த நாட்டு ஆட்டமாக இருந்தாலும் சரி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பந்து போய்விடும், கூட்டம் அலறும், அத்தை கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்பார்:

"எந்தப் பக்கம்மே போச்சி?"

கையை எடுக்க மறந்துவிடுகிறார். நானும் ஞாபகப்படுத்துவதில்லை.