சடையம்மா தொலைத்த வைஃபை பெட்டி

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காத பள்ளத்தில், சடையம்மா என்றொரு முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

ஒருநாள் சிங்கராஜா அலுவலகத்திலிருந்து தண்டோரா வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லாரும் தத்தம் வளைக்குள் இருந்தபடியே அதை இணையத்தில் பதிய வேண்டும். பதியாத வளை காலி வளை; கேட்பவருக்குக் கொடுக்கப்படும். பக்கத்துப் புதரிலிருந்த கீரி அன்றைக்கே வந்து சடையம்மாவின் வாசலை அளந்து பார்த்துவிட்டுப் போனது.

சடையம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். காட்டுப் பொது நூலகத்தில் புத்தகம் மாதிரியே வைஃபை பெட்டியும் இரவல் தருகிறார்களாம். கையளவு பெட்டி, எந்தப் பள்ளத்திலும் நெட் பிடிக்குமாம். செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய் வரிசையில் நின்றாள்.

நூலகர் ஓர் உடும்பு. பெயர் உலகநாதன். அவருக்குப் பின்னால் அலமாரியில் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“சார், ஒரு பெட்டி வேணும். வீட்ல நெட் இல்ல.”

“ஆன்லைன்ல முன்பதிவு பண்ணிட்டு வாங்கம்மா.”

“நெட் இல்லாததாலதானே சார் கேக்குறேன்?”

“வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க,” என்றார் உலகநாதன், ஆச்சரியத்தோடு.

புதன்கிழமை முழுக்க அவள் மலை ஏறினாள். உச்சிப் பாறையில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்ததும் ஒரு கோடு சிக்னல் வந்தது. முன்பதிவு செய்தாள். வியாழக்கிழமை முழுக்க இறங்கினாள். நாலு முள் உடைந்தது.

வெள்ளிக்கிழமை உலகநாதன் பதிவைப் பார்த்தார்.

“ஆன்லைன்ல பதிஞ்சிருக்கீங்களே. அப்ப உங்ககிட்ட நெட் இருக்கு. இது நெட் இல்லாதவங்களுக்கான திட்டம்மா.”

சடையம்மாவின் முட்கள் மொத்தமும் சிலிர்த்து நின்றன. வரிசை மூன்றடி பின்னால் நகர்ந்தது.

“குட்டிகளைத் தூக்கிக்கிட்டு நான் எங்க சார் போவேன்?”

உலகநாதனுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. “மூணு வருஷமா யாருக்குமே கொடுத்ததில்லம்மா. உங்களுக்கு மட்டும் கொடுத்தா நல்லாவா இருக்கும்?”

அவளுக்குப் பின்னால் நின்ற நரி கோமதிநாயகம் தலையை நீட்டியது. “சார், நான் வாங்கிட்டுப் போன பெட்டி தொலைஞ்சு போச்சு.”

உலகநாதன் மறுபேச்சில்லாமல் மஞ்சள் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பினார். அதன் கடைசி வரி: ‘தொலைத்தவருக்குச் சேவை தடைபடாதிருக்க, மாற்றுப் பெட்டி உடனே வழங்கவும்.’ பெட்டி வாங்கினாரா என்று கேட்க அதில் கட்டமில்லை. உலகநாதன் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை நரியின் கையில் கொடுத்தார். “இதையாவது பத்திரமா வச்சுக்குங்க.”

சடையம்மா குட்டிகளை நினைத்துக்கொண்டாள்.

“சார்… நானும் தொலைச்சுட்டேன்.”

“கடைசியா எங்க பாத்தீங்க?”

அதற்குமேல் அவளுக்குப் பொய் வரவில்லை. “நான் பாத்ததே இல்ல சார்.”

‘பார்த்த ஞாபகமில்லை’ என்று எழுதிக்கொண்டார். “என்னைக்குத் தொலைஞ்சது?”

“என்கிட்ட அது எப்பவுமே இருந்ததில்ல சார்.”

‘தேதி தெரியவில்லை’ என்று எழுதி முத்திரை குத்தினார். “பொதுச் சொத்தும்மா. கொஞ்சம் பொறுப்பு வேணாமா?”

“தப்புதான் சார்,” என்றாள் சடையம்மா, மனதார.

மாற்றுப் பெட்டியோடு வளைக்கு ஓடி, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பதிந்து முடித்தாள். மூட்டை முடிச்சோடு வாசலில் காத்திருந்த கீரி, “உடம்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை நூலக வாசலில் பதினேழு விலங்குகள் தலைகுனிந்து நின்றன. காட்டில் இத்தனை பொறுப்பற்றவர்களா என்று நொந்துபோன உலகநாதன், ஒரு பலகை எழுதி மாட்டினார்: ‘தொலைத்தவர்கள் இடப்பக்கம் வரவும். இரவல் கேட்பவர்கள் வீட்டுக்குப் போகவும்.’

நீதி: பொதுச் சொத்து கேட்டால் கிடைக்காது, வாங்குவதற்கு முன்பே தொலைத்துவிட வேண்டும்.